சின்னக் கைகளுக்குச் சின்ன வேலை



"பிள்ளைக்கு மூன்றரை வயதாகிறது. எதிர்வீட்டுப் பிள்ளை ஆனா ஆவன்னா முழுதும் எழுதுகிறது. நம்முடையது பென்சிலைத் தொடவே மாட்டேன் என்கிறதே!" என்று வருத்தப்படும் தாய்மார் நம் கரையில் அநேகர். வருத்தம் மட்டுமா? பிள்ளையின் விரல்களை இறுகப் பிடித்துச் சிலேட்டின்மேல் இழுப்பதும், அது அழுவதும், முதுகில் ஓர் அடி விழுவதும் மாலைவேளையில் பல வீடுகளில் கேட்கிற சப்தந்தான். இது வேண்டியதில்லை என்பதையும், இதற்குப் பதிலாக வீட்டிலேயே செய்யத்தக்கது இன்னதென்பதையும் பார்ப்போம்.

முதலில் கையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மனிதனுடைய மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அவை எலும்பாகவே இருப்பதில்லை, வெறும் குருத்தெலும்பு. பிறகு ஒவ்வொன்றாய், வருஷக்கணக்கில் இறுகுகின்றன. எட்டாவது எலும்பு இறுகத் தொடங்குவதற்குள் பிள்ளைக்கு ஒன்பது வயதும் அதற்கு மேலும் ஆகிவிடும். விரல்களை ஆட்டுகிற சிறு தசைகளும் இப்படியே மெல்ல மெல்லப் பலப்படுகின்றன. இதனால்தான் ஒன்றரை வயதுப் பிள்ளை கரிக்கட்டியைக் கொடுத்தால் சுவரெல்லாம் கிறுக்கும். 3 வயதளவில் ஒரு வட்டத்தைப் பார்த்து வட்டம் போடும். 4 வயதளவில் கூட்டல் குறி போடும். சதுரம் வருவதற்கு நாலரையோ ஐந்தோ ஆகும். முக்கோணம் அதற்கும் பிறகே. ஒரு பிள்ளை சில மாதம் முந்தும், ஒன்று பிந்தும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்போது நம் 'அ' எழுத்தை எழுதிப் பாருங்கள். சுழி ஒன்று, வளைவு ஒன்று, குறுக்குக் கோடு ஒன்று, நெடுக்குக் கோடு ஒன்று. 'இ' இதைவிடக் கஷ்டம். வட்டத்தின் வாயையே மூடத் தெரியாத கை 'இ' எழுதுமா? எதிர்வீட்டுப் பிள்ளை எழுதுகிறதே என்பீர்கள். எழுதட்டும், அதன் கை முந்திக்கொண்டது. மூன்று வயதில் நம் பிள்ளைக்கு வேண்டியது எழுத்தல்ல, பின்னால் எழுதப்போகிற கை. அந்தக் கை பிசைந்தும், கிழித்தும், கோத்தும், மடித்தும், பூசியும்தான் உண்டாகிறது. விளையாட்டு என்று நாம் தள்ளிவிடுகிற வேலைகளே இவை.

நம் முன்னோர்கள் இதை அறியாதவர்களல்லர். திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஓலையும் எழுத்தாணியும் கொடுப்பதற்குமுன் பிள்ளையை மணலில் விரலால் எழுதச் செய்தார். மணலில் தப்பு என்பது கிடையாது. கையால் தடவிவிட்டால் போயிற்று. இதே யோசனையை இத்தாலி தேசத்து வைத்தியரான மரியா மாந்தெசோரி அம்மையார் 1907-ல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் வேறு விதமாய்க் கையாண்டார். சொரசொரப்பான காகிதத்தில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, விரலால் தடவச் சொன்னார். அதற்கும் முன்னதாகப் பொத்தான் மாட்டுதல், ஊற்றுதல், அடுக்குதல் என்று கைக்கு வேலை கொடுத்தார். வற்புறுத்தாமலே அங்கே நாலைந்து வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். இந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் சேர்ந்ததால் ஊர் திரும்ப முடியாமல், பல வருஷம் இந்தியாவிலேயே, கோடைக்கானலிலும் கூட, தங்க நேர்ந்தது. அடையாறு நமக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான் தூரம்.

ஆனால் அவருடைய சாமான்கள் எல்லாம் மரத்தில் இழைத்துச் செய்தவை, விலை அதிகம். ஏழைக்கு எட்டாது. இதற்கு வழி கண்டவர் தாராபாய் மோடக் என்னும் மராட்டிய அம்மையார். 1945-ல் பம்பாய்க்கு வடக்கே, நம்முடையதைப் போலவே கடலோர ஊராகிய போர்டியில், அவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவருக்குத் துணையாக இருந்தவர் அனுதாய் வாக். வாங்கின சாமானுக்குப் பதிலாக இலை, விதை, கூழாங்கல், கிளிஞ்சல், மூங்கில், களிமண் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால், பள்ளியையே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். முற்றத்துக்கு அங்கே 'ஆங்கன்' என்று பெயர். நம் தெருக்களில் இன்று அங்கன்வாடி என்று சொல்கிறோமே, அந்தப் பேரின் பிறப்பு இதுவே. 1975 அக்டோபர் 2-ல் தேசமெங்கும் குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அந்தப் பெயரும் ஊர் ஊராய்ப் பரவிற்று. சோறும் முட்டையும் போடுகிற இடம் என்று மட்டும் அங்கன்வாடியை நினைத்துக்கொள்கிறோம், அது சரியல்ல.

போர்டியில் கிடைத்த சாமான் மரக்காணத்தில் கிடைக்காதா? எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் கடற்கரை மணல், ஒரு பக்கம் கழுவெளி, நடுவில் உப்பளம், வழியெல்லாம் பனை. சென்னைக் கடையில் காசு கொடுத்து மணலும் களிமண்ணும் வாங்குகிறார்கள் என்றால் நம் ஆயாமார் சிரிப்பார்கள்.

மணலிலிருந்தே தொடங்குவோம். ஈர மணலைக் கொட்டாங்குச்சியில் அமுக்கிக் கவிழ்த்தால் இட்லி. இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அளத்து வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு விளையாட்டு உண்டு: பாத்தி கட்டுவது. அம்மாவும் அப்பாவும் பாத்தி மிதிப்பதையும், வரப்பு போடுவதையும், நீண்ட கைப்பிடிப் பலகையால் உப்பு வாருவதையும் அது பார்த்திருக்கிறது. ஒரு பழைய தாம்பாளத்தில் களிமண்ணைப் பரப்பி, பிள்ளையே விரலால் தட்டிச் சமனாக்கி, சுற்றிலும் வரப்பு கட்டட்டும். நடுவில் ஒரு வரப்பு, குறுக்கே ஒரு வரப்பு, நாலு பாத்தி. ஐஸ் குச்சியில் ஒரு வாரும் பலகை செய்து கொடுங்கள். அளத்திலிருந்து ஒரு செம்பு முற்றின உப்புநீர் கொண்டுவந்து ஊற்றி வெயிலில் வைத்தால் சீக்கிரத்தில் மேலே பூப் படர்வதைப் பிள்ளை பார்க்கும். வெறும் கடல்நீரை ஊற்றினாலும் வரும். ஆனால் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புத்தான் அதில் இருப்பதால் பொறுமை வேண்டும். வந்த கல்லில் ஒன்றை வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டுங்கள். நாலு மூலை, சதுரம். சதுரம் வரையத் தெரியாத பிள்ளை சதுரத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிறது.

அதற்கு அடுத்தது உப்பு மாவு. இது எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். விரலுக்கு இதைப்போல வேலை கொடுப்பது வேறில்லை. மைதா 2 டம்ளர், உப்பு 1 டம்ளர், தண்ணீர் முக்கால் டம்ளர் அளவு. அளத்துக் கல்லுப்பானால் அம்மியில் நன்றாய்ப் பொடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கையைக் கீறும். தண்ணீரைச் சிறிது சிறிதாய் விட்டு, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். பிசைகிற வேலையைப் பாதியாவது பிள்ளைக்குக் கொடுங்கள், அதுதான் பாடமே. அரிசி மாவு ஆகாது, காய்ந்தால் உதிர்ந்துபோகும். பிறகு உருட்டலாம், நீட்டிப் பாம்பாக்கலாம், சுற்றி முறுக்காக்கலாம், கிளிஞ்சலை மேலே அழுத்தி அச்சு எடுக்கலாம், மீனுக்குச் செதில் வைக்கலாம். சுண்டுவிரல் கனத்துக்கு மேல் போகாமல் செய்து இரண்டு மூன்று நாள் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்தால் கல்லாய் இறுகிவிடும். உப்பு சேர்ந்திருப்பதால் பூசணம் எளிதில் பிடிக்காது. ஆனால் உப்பின் குணம் நமக்குத் தெரியாததா? மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடியும் வியர்த்து இளகிவிடும். கிறிஸ்மஸ் குடிலுக்கு ஆடும் மாடும் பிள்ளைகள் கையால் செய்து வைக்க ஆசையிருந்தால், ஆவணி வெயிலிலேயே செய்து காயவைத்து மூடியுள்ள தகர டப்பாவில் வைத்துவிட வேண்டும். ஆட்டுக்கு மூன்று கால்தான் இருந்தால் இருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த மாவைப் பிள்ளை தின்னக்கூடாது. நாக்கில் பட்டால் துப்பிவிடும்; ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை ஒரு கவளத்தை விழுங்கிவிட்டால் அத்தனை உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு ஆபத்து. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். கையில் கீறல், சிரங்கு இருந்தால் அன்று மாவு வேண்டாம், எரியும். விளையாட்டுக்கு அளத்து உப்பு, சமையலுக்கு அயோடின் கலந்த உப்பு என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வரையக் காகிதம் எங்கே என்று கேட்கிறீர்களா? சுவரில் தொங்குகிற தினசரி நாள்காட்டி இருக்கிறதே! வருஷத்துக்கு 365 தாள், பின்பக்கம் வெறுமை. தினம் ஒரு தாளைப் பிள்ளையே கிழிக்கட்டும். கிழிப்பதும் ஒரு பயிற்சி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராய் இழுக்கக் கற்றுக்கொள்கின்றன. மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, அதில் விரலைத் தோய்த்துத் தாளின்மேல் மனம்போல் இழுக்கச் சொல்லுங்கள். ஈரம் காயுமுன் அதன்மேல் பொடியுப்பைத் தூவி, தாளைச் சாய்த்துத் தட்டினால் விரல் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடாய் நிற்கும். உப்போடு மஞ்சள்தூளோ, செங்கல்தூளோ, கரித்தூளோ கலந்தால் வர்ண உப்பு. அதையே ஒரு கண்ணாடிச் சீசாவில் அடுக்கடுக்காய் ஊற்றி நிரப்பலாம். கரண்டியால் சிந்தாமல் ஊற்றுகிற பிள்ளைக்குப் பென்சிலும் வசப்படும். (இந்த ஏட்டின் ஓரங்களிலும் எழுத இடமிருக்கிறது, நீங்கள் வாசித்து முடித்தபின் பிள்ளையிடம் கொடுப்பதில் ஆட்சேபமில்லை.)

வர்ணத்துக்கும் கடைக்குப் போகவேண்டாம். பசலைப் பழம் நசுக்கினால் ஊதா. செம்மண் குழைத்தால் காவி. வேலியில் படர்ந்த நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம்; அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கண்முன்னே இளஞ்சிவப்பாக மாறுவதைப் பிள்ளை வாய் பிளந்து பார்க்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு என்பது ஆரத்தி எடுத்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் சுண்ணாம்பைப் பெரியவரே கலக்க வேண்டும், கண்ணில் பட்டால் கெடுதி. வேப்பங்குச்சியின் நுனியைத் தட்டி நார் நாராக்கினால் தூரிகை ஆயிற்று. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வர்ணத்தில் தோய்த்து அச்சு வைத்தால் ஐந்து மூலை நட்சத்திரம் விழும்.

இனி ஓலை. தென்னங்கீற்றில் பாம்பு, ஊதல், கைக்கடிகாரம் செய்யத் தெரியாத தாத்தா நம் ஊரில் உண்டா? குருத்தோலை ஞாயிறன்று பவனி முடிந்ததும் கோவில் வாசலிலேயே பெரிய பிள்ளைகள் ஓலையைச் சிலுவையாய் மடித்துக்கொண்டிருப்பதை நாம் பார்க்கிறோம். அந்த மடிப்பு 5 வயதுக்குமேல்தான் வரும். 4 வயதுக்கு ஏற்றது, விரற்கடை அகலமுள்ள நாலு ஓலையை நெடுக்கில் வைத்து, ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாய்க் குறுக்கே ஓலை நுழைப்பது, அதாவது பாய் பின்னலின் தொடக்கம். பனையோலையானால் ஈர்க்கை எடுத்துவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள்; காய்ந்த ஓலை விரலை அறுத்துவிடும். காற்றாடிக்கு முள் குத்துவது பெரியவர் வேலை. பிடித்துக்கொண்டு கரையில் ஓடுவது பிள்ளையின் வேலை. கோடையில் நுங்கு தின்று மிஞ்சின வெறுங்காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்குச்சியால் தள்ளிக்கொண்டு போகிற வண்டியைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. அதைப் பார்த்தபின் கடைக்காரனின் பிளாஸ்டிக் வண்டியை எந்தப் பிள்ளை கேட்கும்?

"இதெல்லாம் பெண் பிள்ளைக்குச் சரி, பையனுக்கு எதற்கு?" என்று கேட்கிற தகப்பனார் ஒருவராவது இருப்பார். அவர் கடலுக்குப் போகிறவரானால் தம்முடைய விரல்களையே பார்த்துக்கொள்ளட்டும். வலைக்கண் முடிகிற விரல் எத்தனை நுட்பமான வேலை செய்கிறது! கிழிந்த வலைத்துண்டு ஒன்றை இரண்டு ஆணிக்கு நடுவே பிள்ளையின் உயரத்துக்குக் கட்டி, பழைய புடவையின் கிழிசல் நாடாக்களை அதன் கண்களில் நுழைத்து விளையாடச் சொல்லுங்கள். பையன் அரைமணி நேரம் நகரமாட்டான். கரையில் பொறுக்கும் கிளிஞ்சல்களில் சிலவற்றுக்கு இழைத்தாற்போல் வட்டமான ஓட்டை ஒன்று இருக்கும். அது மனிதன் போட்டதல்ல. மாமிசம் தின்னும் ஒரு கடல்நத்தை துளைத்து உள்ளிருந்ததைத் தின்ற அடையாளம். அப்படிப்பட்ட கிளிஞ்சல்களைத் தேடிப் பொறுக்கிக் கயிற்றில் கோத்தால் மாலை. உயிருள்ள சங்கைப் பிள்ளை எடுக்க விடாதீர்கள். வெற்றோடு மட்டும் போதும், அதையும் நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள்.

கோப்பதற்கு விதைகளும் நல்லவை. ஆனால் எல்லா விதையும் அல்ல. சிவப்பும் கறுப்புமான குன்றிமணி பார்க்க அழகு. உடைத்து மென்றால் கொடிய விஷம். ஆமணக்கு முத்தும் அப்படியே. புளியங்கொட்டை போதும். 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையிடம் அதுவும் கூடாது. மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. கடலோரத்திலும், கழிமுகத்திலும், அளத்து நீர்த்தேக்கத்தின் பக்கத்திலும் பிள்ளையைத் தனியே விடவே கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை.

நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. விடியுமுன் அளத்துக்குப் போய், கால் வெடிப்பில் உப்பு எரிய வீடு திரும்பும் தாயிடம் "பிள்ளையோடு விளையாடு" என்று யார் சொன்னாலும் கோபம்தான் வரும். ஆகையால் ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு வேகும் நேரம் போதும். அடுப்புக்குத் தள்ளி ஒரு மணையில் பிள்ளையை உட்காரவைத்து, கையில் மாவைக் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவ்வப்போது திரும்பிப் பார்த்தால் போதும். பகலில் ஆயாவிடம் விடுகிறவர்கள் ஆயாவிடம் சொல்லி வையுங்கள். ஓலை விஷயத்தில் அவருக்கு நம்மைவிட அதிகம் தெரியும். பெரிய பெண்ணின் தலையில் மட்டும் இதையும் கட்டிவிடாதீர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடப் பாடம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து அளத்து வேலை நின்று, கூலியும் நின்று, எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருக்கும் நாட்களில் பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்து உட்காரவைப்பது சுலபமாகத் தோன்றும். கண்ணாடியைத் தேய்க்கிற விரலுக்கு எதிர்ப்பே இல்லை. மாவும் ஓலையும் விரலை எதிர்க்கின்றன, அதில்தான் பலம். காசில்லாத அந்த நாட்களுக்கென்றே நாள்காட்டித் தாளும் வலைத்துண்டும் இருக்கின்றன.

பெரியவர்கள் செய்கிற ஒரு காரியம் இவ்வளவையும் கெடுத்துவிடும். பிள்ளை செய்த மீனுக்கு வால் சரியில்லை என்று நாமே எடுத்துத் திருத்துவோம். திருத்தின மீன் அழகாயிருக்கும். ஆனால் அது நம்முடைய மீன். மறுநாள் பிள்ளை மாவை நம்மிடமே நீட்டி, "நீயே செய்" என்னும். "இது என்னடா, மாடா?" என்று கேட்பதும் வேண்டாம், அது யானையாக இருக்கக்கூடும். "சொல்லு கண்ணு, இது எப்படிச் செஞ்சே?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசும். அத்தனையும் தமிழ்ப் பாடம். அண்ணனுடையதோடும் எதிர்வீட்டுப் பிள்ளையுடையதோடும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். முடிந்ததும் சாமான்களைப் பிள்ளையே எடுத்து வைக்கப் பழக்குங்கள்.

மீந்த மாவை ஈரத்துணியில் சுற்றி மூடி வைத்தால் இரண்டு நாளைக்கு உதவும். படம் வரைந்த நாள்காட்டித் தாள்களை எறிந்துவிடாமல், மளிகைக் கடையில் ரசீது குத்தி வைக்கிறார்களே, அப்படி ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். முன்பக்கத்தில் தேதி ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது; நீங்கள் ஒன்றும் எழுதவேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்துக் கம்பியிலிருந்து எடுத்து வரிசையாய்ப் பரப்பிப் பார்த்தால், கிறுக்கல் எந்த வாரம் சுழியாயிற்று, வட்டத்தின் வாய் எந்தத் தேதியில் மூடிற்று என்று நீங்களே சொல்லலாம்.